கித்தான் கூரைக்குள் மேலூர்க்காரி

மார்சலின் கொரைரா ஏழு வயதில் கேட்ட சத்தம் அது. தூத்துக்குடித் துறையில், கொழும்பிலிருந்து திரும்பிய அவளுடைய அப்பாவின் தோணியில் பெரிய பாயைத் தளர்த்தி இறக்கியபோது, முதலில் மரத்தின் முனகல் ஒன்று, பிறகு மடிப்பு மடிப்பாக விழுகிற கனத்த துணியின் தபதபப்பு, கடைசியில் யாரோ பெருமூச்சு விட்டாற்போல் ஓர் ஓசை. அதன்பின், அதுவரை பாய் மறைத்துவைத்திருந்த வானம் முழுவதும் சத்தமே இல்லாமல் வந்து நின்றது. பெண்பிள்ளைகளைத் தோணியில் ஏற்றுவதில்லை என்பதால் அவள் கரையில் நின்றுதான் கேட்டாள். கேட்டதை நாற்பத்தேழு வருஷம் ஒருவரிடமும் சொல்லவில்லை, ஒரு சத்தத்தைப் பற்றி யாரிடம் என்னவென்று சொல்வது.

இரண்டாம் முறை அதைக் கேட்டது ஐம்பத்துநாலாம் வயதில், ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு வெள்ளைக்காரக் கப்பல் ஏஜெண்டின் பங்களா வாசலில். அவர் தன் இரண்டு கார்களையும் விற்றுவிட்டுப் போகிறார் என்று கேள்விப்பட்டு, மார்சலினின் கொழுந்தன் ரொசாரியோ அவளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அண்ணன் இறந்து இரண்டு வருஷமாகியும் மயினி வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை, ஒரு கார் இருந்தால் கோயிலுக்காவது போவாள் என்பது அவர் எண்ணம். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே வருஷம், ஒரே நீள மூக்கு, இரண்டிரண்டு கதவு. ஒன்று சாம்பல் நிறத்தில், இரும்புக் கூரை உடம்போடு ஒன்றாய்ச் சேர்ந்து, ஒரே கல்லில் செதுக்கியதுபோல் இருந்தது. மற்றது மாதுளம்பழ நிறம், அதன் தலைமேல் மடக்கக்கூடிய கறுப்புக் கித்தான் துணி. ஏஜெண்டின் டிரைவர் கண்ணாடிக்கு மேலிருந்த இரண்டு கொக்கிகளையும் விடுவித்துக் கித்தானைப் பின்னால் தள்ளினார். முனகல், தபதபப்பு, பெருமூச்சு. உள்ளே உட்கார்ந்திருந்த மார்சலினின் தலைக்குமேல் பங்குனி மாதத்து வானம் வந்து நின்றது.

"எனக்கு இதுதான் தம்பி" என்றாள்.

ரொசாரியோ சிரித்தார். "மயினி, கூரை இல்லாத காருக்குக் கதவு எதுக்கு? தாண்டிக் குதிச்சு ஏறிக்கிடுவியளா?"

"கூரை இருக்கே. வேணும்னா போடலாம்."

"கூரைன்னா எப்பவும் இருக்கணும் மயினி. வேணும்னா இருக்கும்னா அது குடை. நம்ம ஊரு உப்புக் காத்துக்கு அந்தக் கொக்கி ஒரு வருஷம் தாங்காது. மேட்டுல ஏறும்போது உடம்பு கிலுகிலுன்னு ஆடும். காக்கா வேற மேல பறக்கும். இந்தா, இதுல ஒக்காந்து பாருங்க, வெளியுலகம் ஒண்ணு இருக்கதே தெரியாது."

அவள் சாம்பல் நிறக் காருக்குள் உட்கார்ந்து பார்த்தாள். கதவைச் சாத்தியதும் கடலின் இரைச்சல் நின்றது, காற்று நின்றது, தன் மூச்சு தனக்கே கேட்டது. பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் சாமியார் இல்லாமல் தனியாக முழங்காலிட்டதுபோல் இருந்தது. இறங்கிவிட்டாள்.

"ஒங்களுக்கு ஐம்பத்துநாலு வயசு மயினி, பதினெட்டு இல்ல."

"பதினெட்டுல ஒங்க அண்ணன் எனக்கு வாங்கிக் குடுத்தது குடைதான் தம்பி."

இப்படியாக மூடின காரை ரொசாரியோவும் திறந்த காரை மார்சலினும் வாங்கினார்கள். ஏஜெண்டின் டிரைவரிடம் ஓட்டப் பழகிக்கொண்டு, உப்பளத்து ரோட்டில் அவள் முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கூரையை மடித்துப்போட்டு ஓட்டிப் போவதை, பாத்தியில் குனிந்து உப்பு வாருகிற பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நிமிர்ந்தால் கண்கூசும் அவர்களுக்கு. வெயில் மேலேயிருந்தும் அடிக்கும், உப்பிலிருந்தும் அடிக்கும்.

அந்த அளங்களில் ஒரு வழக்கம் இருந்தது. தை மாதம் பாத்தி கட்டியதிலிருந்து புரட்டாசியில் கடைசி வாரல் முடியும்வரை அங்கே ஒருவரும் மழை என்ற சொல்லை வாயால் சொல்லமாட்டார்கள். சொன்னால் காதில் விழுந்துவிடும், விழுந்தால் வந்துவிடும், வந்தால் நாற்பது நாள் விளைந்த உப்பு அரைமணி நேரத்தில் தண்ணீராகிப் போகும். கோடையில் திடீரென்று மேற்கேயிருந்து வருவதால் அதற்கு மேலூர்க்காரி என்று பெயர் வைத்திருந்தார்கள். மேலூர்க்காரி நேத்து ஓட்டப்பிடாரம் வந்துட்டுப் போயிட்டாளாம் என்பார்கள். அளத்துக்காரர்களின் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் பாடப்புத்தகத்தில் அந்தச் சொல் வரும் இடத்தில் டீச்சர் ஒரு தடவை இருமிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போவார். இன்னொன்றும் உண்டு. மேற்கே கறுத்தால் முதலில் பார்த்தவர் "மூடு!" என்று கத்த வேண்டும், அதைக் கேட்டவர் எல்லாரும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு, எது கைக்கெட்டுகிறதோ அதைக்கொண்டு எது திறந்து கிடக்கிறதோ அதை மூட வேண்டும். பனையோலை, சாக்கு, தார்ப்பாய், கட்டியிருக்கிற சேலை. ஏன், யாருடையது என்று கேட்பதற்கு நேரம் கிடையாது. கொரைரா வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் வாரமே மார்சலின் அந்தக் கத்தலைக் கேட்டு அடுப்பில் கொதித்த மீன்குழம்பை மூடியிருக்கிறாள்.

சித்திரை மாதம் ஒரு புதன்கிழமை மூன்று மணிக்கு அவள் அளத்து ரோட்டில் வந்துகொண்டிருந்தாள். மேற்கே, தன் கூட்டத்தைத் தவறவிட்ட மாடு மாதிரி, ஒற்றை மேகம் ஒன்று மிகவும் தாழ்வாக, வழி தெரியாத நடையில் வந்தது. அதன் நிழல் முதல் பாத்தியில் விழுந்ததும் "மூடு!" என்று ஒரு குரல், "மூடு! மூடு!" என்று நூறு குரல். அவள் வேறெதையும் யோசிக்கவில்லை. பிரேக்கை மிதித்தாள், பின்னால் திரும்பினாள், கித்தானை இரண்டு கையாலும் பற்றி இழுத்து, கண்ணாடிக்கு மேல் கொக்கிகளைப் போட்டுப் பூட்டினாள். ஓலை போட்டு முடித்துவிட்டு ஜனங்கள் நிமிர்ந்தபோது வானம் வெளுத்துக் கிடந்தது. மேகம் காருக்குள் இருந்தது.

பின் இருக்கையில், காலை மடக்கி உட்கார்ந்த பெரிய வீட்டு அம்மாள் மாதிரி, சாம்பலும் நீலமுமாய் இருந்தது. மார்சலினின் பிடரியில் அதன் குளிர் பட்டது. ரோட்டோரத்துத் தன் அளத்திலிருந்து ரொசாரியோ ஓடிவந்து ஜன்னல் வழியே பார்த்தார்.

"நல்ல வேலை செஞ்சிய மயினி" என்றார் மூச்சிரைக்க. "திறந்துராதிய. புரட்டாசி வரைக்கும் திறந்துராதிய."

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், புதிதாக ஒரு மருமகள் வந்ததை எடுத்துக்கொண்டதுபோலத்தான். முதல் இரண்டு நாள் பார்க்க வந்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து உபயோகித்துக்கொண்டார்கள். மார்சலின் வீட்டு வாகைமரத்தடியில் நின்ற அந்தக் காரில், கதவை ஒரு சாண் மட்டும் திறந்து பக்கவாட்டில் நுழைந்து, ஐந்து நிமிஷம் உட்கார்ந்து வந்தால் உப்பு வெளிச்சத்தில் எரிந்த கண்ணுக்கு இதமாக இருந்தது. வாரல் முடிந்து சாயங்காலம் பெண்கள் வரிசையாக வந்தார்கள். வெடித்த பாதங்களை நீட்டிக்கொண்டு, "இன்னிக்கி எப்படி இருக்கிய மேலூரு மயினி?" என்று மேகத்தை விசாரித்துக்கொண்டார்கள். பங்குச் சாமியாரிடம் அதை மந்திரிக்கலாமா என்று கேட்டதற்கு, அது ஏற்கெனவே தண்ணீர்தானே, தீர்த்தத்தின் மேல் தீர்த்தம் தெளிப்பானேன் என்று சொல்லிவிட்டார். டீக்கடைக்காரர் ஒரு பெஞ்சைக் கொண்டுவந்து மரத்தடியில் போட்டார். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு முதல் உரிமை என்று ஒருவரும் சொல்லாமலே ஏற்பட்டது.

தஞ்சாவூர்ப் பக்கமிருந்து மாற்றலாகி வந்திருந்த ஏட்டையா ஒருவர் மட்டும், கொரைரா வீட்டுக் காரில் ஒரு மேலூர்க்காரியைப் பூட்டிவைத்து வரிசையில் நின்று பார்க்கிறார்கள் என்று டீக்கடையில் காதில் விழுந்த மாத்திரத்தில், தொப்பியை மாட்டிக்கொண்டு சைக்கிளில் வந்துவிட்டார்.

"ஏம்மா, யாரு அந்த மேலூர்ப் பொண்ணு? வயசு என்ன?"

"வயசு தெரியல ஐயா" என்றாள் மார்சலின். "சித்திரையில வந்தா."

"சொந்தக்காரங்க இருக்காங்களா?"

"இருப்பாவ. மேற்க எங்கயாவது."

ஏட்டையா கதவைத் திறந்து தலையை நுழைத்தார். பிறகு உடம்பையும் நுழைத்தார். பத்து நிமிஷம் கழித்து வெளியே வந்தபோது மீசையில் துளித்துளியாக நீர் நின்றது. "எங்க ஊர்ல இதெல்லாம் வெளியிலதான் இருக்கும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். மறுநாள் வரிசையில் நின்றார்.

மார்சலினுக்கு அந்த மேகத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கவனித்தாள். காலையில் பின் இருக்கையில் ஒடுங்கிக் கிடந்தது. உச்சிப்பொழுதில் எழுந்து கூரையைத் தொட்டுப் பார்த்தது. கோயில் மணி அடிக்கும்போது உள்ளுக்குள் தீக்குச்சி கிழித்தாற்போல் ஒரு மின்னல் மின்னி அணைந்தது. மூன்று மணியானால் தவறாமல் மேற்கு ஜன்னலில் போய் ஒட்டிக்கொண்டது. காரைத் திருப்பி நிறுத்திப் பார்த்தாள்; அப்போதும் மேற்கு எந்தப் பக்கமோ அந்த ஜன்னலுக்குத்தான் போனது. பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒரு நியாயம் புரியாமலிருந்தது. வானம் வேண்டுமென்று வாங்கிய காரில் வானத்தின் ஒரு துண்டு இருக்கிறது. அது இருப்பதாலேயே வானம் பார்க்க முடியவில்லை. இரண்டு மாதமாக அவள் கூரையைத் திறக்கவில்லை. எங்கே போனாலும் பின்னால் குளிர்ச்சியாக ஒருத்தி, முன்னால் பனி படிந்த கண்ணாடி. ரொசாரியோவின் காருக்கும் அவள் காருக்கும் நிறம் ஒன்றுதான் வித்தியாசம் என்றாகிவிட்டது.

ஆனியில் மேகம் பெருக்கத் தொடங்கியது. கடற்காற்றில் இருந்த ஈரத்தை எந்த இடுக்கு வழியாகவோ குடித்தது. கித்தான் ஊதிய வயிறு மாதிரிப் புடைத்து, தையல் வழியே சொட்டியது. சொட்டிய இடத்தில் புல் முளைத்தது. அளத்து முதலாளிகள் கூடிப் பேசினார்கள். கித்தான் கிழிந்து மேலூர்க்காரி வெளியே வந்தால் முப்பது அளத்து உப்பும் போச்சு, ஆயிரம் பேர் கூலி போச்சு என்றார்கள். அது பொய்யில்லை. ரொசாரியோதான் வழி சொன்னார். திங்கட்கிழமை பட்டறைக்காரர் வருவார், கித்தானுக்கு மேல் இரும்புத் தகட்டை வளைத்து வைத்துச் சுற்றிலும் பற்றவைத்துவிடுவார்.

"புரட்டாசி முடிஞ்சதும் எடுத்துரலாமா?" என்று கேட்டாள் மார்சலின்.

"பத்தவச்சதை எப்படி மயினி எடுக்க? காரு நல்லா வலுவாயிரும். நான் அன்னிக்கே சொன்னேன்லா."

அவள் விரல்விட்டு நாள் எண்ணினாள். தாலியறுத்த நாளில் சொந்தக்காரப் பெண்கள் சேர்ந்து ஜன்னல்களை எல்லாம் சாத்தினார்கள். அவளும் சாத்தவிட்டாள். ஆனால் அப்போது சனி, ஞாயிறு என்று இரண்டு நாள் கையில் இருக்கவில்லை. இப்போது இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் வரிசையில் கடைசியாக வந்தவள் பேச்சித்தாய். மேற்கே ஆத்திகுளத்துக்காரி, அந்தக் கரிசல் காட்டில் மூன்று வருஷமாக ஒன்றும் விளையாமல், பதினோரு வருஷத்துக்கு முன் உப்பு வார வந்து இங்கேயே தங்கிவிட்டவள். காரிலிருந்து இறங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"தாயி, இவளை நான் அடையாளம் கண்டுக்கிட்டேன். இது எங்க பக்கத்துக்காரி. அந்த வாசனையைப் பாருங்க. கரிசல் மண்ணு வாசனை, உப்பு வாசனையா?"

மார்சலின் ஜன்னலில் மூக்கை வைத்து முகர்ந்தாள். உழுத மண், கொத்தமல்லித் தழை, எங்கோ எரிந்த பருத்திமார்க் குச்சி.

"வழி தப்பி வந்துருக்கா" என்றாள் பேச்சித்தாய். "கொண்டுபோய் விட்டுருவமா?"

"எம்புட்டுத் தூரம்?"

"ஒங்க காருல ஒண்ணரை மணி நேரம். உப்பு முடியுத வரைக்கும் திறக்காம போனாச் சரி."

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து எல்லாரும் கோயில் வாசலில் நிற்கும்போதே மார்சலின் கிளம்பினாள். ஒளித்துச் செய்கிற காரியமாக அவளுக்குத் தோன்றவில்லை. பேச்சித்தாய் முன் இருக்கையில் மடியில் கட்டுச்சோற்றோடு உட்கார்ந்திருந்தாள். ரொசாரியோ பார்த்தார். சாம்பல் நிறக் காரில் ஏறி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பின்னாலேயே வந்தார். அவருடைய அளத்தில் முப்பத்தாறு நாள் உப்பு பாத்தியில் கிடந்தது. மயினி வழியில் திறந்துவிட்டால் என்ன செய்வது என்று அவருக்கே தெரியாது, ஆனால் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தெரிந்தது.

வெள்ளை உப்பு அம்பாரங்கள் இரண்டு பக்கமும் போய்க்கொண்டேயிருந்தன. மேகம் முழு உடம்பையும் மேற்குப் பக்கம் சாய்த்ததில் ஸ்டியரிங் தானாகவே அந்தப் பக்கம் இழுத்தது. உப்பு முடிந்து உடைமுள் வந்தது, உடைமுள் முடிந்து செம்மண், செம்மண் முடிந்து, வெடித்துப் பிளந்த கரிசல். ஆத்திகுளத்தில், தண்ணீர் பார்க்காத கண்மாய்க் கரையில் கார் நின்றது. வழியெல்லாம் மேகம் சொட்டியதில் உள்ளே இடுப்புவரை தண்ணீர். மேகம் இப்போது பின் இருக்கையில் கொள்ளாமல் முன்னால் வந்து இரண்டு பெண்களின் தோளிலும் தலையிலும் அழுத்தியது. மூச்சை இழுத்தால் தண்ணீராக வந்தது. உள்ளேயிருந்து ஊதியதால் கதவுப் பூட்டும் ஜன்னல் கண்ணாடியும் இறுகிக்கொண்டன. மார்சலின் கையைத் தூக்கிக் கண்ணாடிக்கு மேலிருந்த கொக்கியைப் பிடித்தாள். அது அசையவில்லை. இரண்டு மாதத்து ஈரமும் உப்பும் சேர்ந்து, கொக்கியும் வளையமும் ஒரே இரும்பாகியிருந்தன. பட்டறைக்காரர் வராமலே அவளுடைய கார் மூடின காராக ஆகியிருந்தது.

ரொசாரியோ ஓடிவந்து கண்ணாடியில் முகத்தை வைத்தார். உள்ளே மயினியின் வாய் தண்ணீருக்குள் பேசுகிற மீன்வாய்போல் அசைவதைப் பார்த்தார்.

"என்ன மயினி? என்ன சொல்லுதிய? கேக்கல!"

அவள் விரலை மேலே காட்டினாள்.

உப்பு முதலாளிகள் இடுப்பில் சாக்குத் தையல் அறுக்கிற வளைந்த கத்தி ஒன்று எப்போதும் இருக்கும். ரொசாரியோ அதை எடுத்து, காரின் மூக்கின்மேல் செருப்போடு ஏறி, கித்தானில் கத்தியை ஏற்றி, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓர் இழுப்பு இழுத்தார். பிறகு குறுக்கே ஓர் இழுப்பு. துணி நாலாகப் பிரிந்து தொங்கியது. இரண்டு பெண்களும் எழுந்து நின்று இருமினார்கள். மேகம் அப்படியே இருந்தது. திறந்த கூரைக்குக் கீழே, போகச் சொல்லாத விருந்தாளி மாதிரி, தயங்கிக்கொண்டிருந்தது.

"மேலூர்க்காரி, போம்மா" என்றார் ரொசாரியோ.

அது அசையவில்லை.

"அது நாம வச்ச பேரு மொதலாளி" என்றாள் பேச்சித்தாய். "அவ பேரைச் சொல்லிக் கூப்பிடணும்."

சொல்ல வேண்டும் என்று மூவருக்கும் தெரிந்தது, சொல்லத்தான் நாக்கு வரவில்லை. பேச்சித்தாய் அந்தச் சொல்லோடு பிறந்தவள், ஆனால் பதினோரு வருஷம் அளத்தில் அதை விழுங்கி விழுங்கிப் பழகியிருந்தாள். ரொசாரியோ பிறந்ததிலிருந்து ஆனி மாதத்தில் அதைச் சொன்னதில்லை. மார்சலின் ஈரச் சேலையோடு, கிழிந்த கூரைக்கு நடுவில் நின்று, முதலில் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு, ஞானஸ்நானத்தில் பிள்ளையின் பெயரைச் சாமியாரிடம் சொல்கிற குரலில், "மழை" என்றாள்.

மேகம் தலை நிமிர்ந்தது.

"மழை" என்றாள் பேச்சித்தாய், "மழை, மழை, ஏ மழை" என்று, சொல்லச் சொல்லச் சத்தமாக. ஊருக்குள்ளிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். ரொசாரியோவின் வாயும் அசைந்தது. அவர் என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை, ஏனென்றால் அதற்குள் அது எழும்பி, கண்மாய்க்கு மேலே போய், பரந்து, கறுத்து, பெய்யத் தொடங்கியிருந்தது. உப்பு முதலாளி ரொசாரியோ கொரைரா ஐம்பது வருஷத்தில் முதல் தடவையாக எதையும் மூட ஓடாமல் அதில் நின்றார். எப்படி நிற்பது என்று தெரியாமல், கையிரண்டையும் கொஞ்சம் விலக்கிவைத்துக்கொண்டு, தையற்காரனுக்கு அளவு கொடுப்பவர்போல் நின்றார். அவருடைய கார் ஜன்னல்கள் ஏற்றினபடி இருந்ததால் உள்ளே ஒரு துளிகூடப் போகவில்லை.

அளத்தில் அன்று மேற்கே கறுத்ததைப் பார்த்து "மூடு" என்று கத்தினார்கள், ஆனால் ஒரு துளியும் அங்கே வந்து சேரவில்லை. திங்கட்கிழமை காலையில் பட்டறைக்காரர் தகட்டோடு வந்தபோது, வாகைமரத்தடியில் தலையே இல்லாத ஒரு கார் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

"எதுல பத்தவைக்க?" என்று அவர் கேட்டார்.

"காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றார் ரொசாரியோ. மயினியை அவர் பார்க்கவில்லை.

அந்த மாதிரிக் கித்தானைத் தைக்க ஊரில் ஆள் இல்லை, மார்சலினும் தேடவில்லை. மடங்கித் தொங்கிய கம்பிகளையும் கழற்றிப் போட்டாள். அதன்பின் அது திறக்கவும் மூடவும் முடிகிற காராக இல்லை, திறந்ததாகவே இருந்தது. கார்த்திகை மழையில் ஒரு கையில் குடையும் மறு கையில் ஸ்டியரிங்குமாக அவள் போவதைப் பார்த்து ஏட்டையா சைக்கிளிலிருந்து இறங்கி நின்று வழி விடுவார். பேச்சித்தாய் அந்த ஞாயிற்றுக்கிழமையோடு ஆத்திகுளத்திலேயே தங்கிவிட்டாள்.

ஒன்பது வருஷம் கழித்து ரொசாரியோவுக்குச் சர்க்கரை வியாதியில் வலது காலைத் தொடைவரை எடுத்துவிட்டார்கள். அவருடைய காரின் கதவுக்குள் அவரால் வளைந்து நுழைய முடியவில்லை. சாகிறவரைக்கும் ஆறு வருஷம், கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அளத்துக்கும், அவர் மயினியின் காரில்தான் போனார். ஓர் ஆளை நாற்காலியோடு தூக்கி மேலேயிருந்து இறக்கி உட்காரவைக்கிற மாதிரிக் கார் அந்த ஊரில் அது ஒன்றுதான் இருந்தது.